மொக்கையன் வாயும் மிட்டாய் ஜாடியும்

கிட்ட வாங்க, இன்னும் கிட்ட. அம்புட்டுத் தள்ளி உக்காந்தா கதை பாதி வழியிலயே கீழ விழுந்துரும். ஏ குட்டி, அவ பாவாடைய மிதிக்காத, நகரு. ஆச்சா? எல்லாரும் ஒட்டி உக்காந்தாச்சா? இது மிட்டாய்க் கதை. வாயில எச்சி ஊறுனா முழுங்கிக்கிடணும், நடுவுல எந்திரிச்சு எனக்கு ஒண்ணு குடுன்னு கேக்கக்கூடாது, சொல்லிட்டேன்.

வெள்ளரிக்காட்டூருன்னு ஒரு ஊரு இருந்துச்சு. அந்த ஊருல மொக்கையன்னு ஒருத்தன் இருந்தான். ஆளு ஒண்ணும் பெரிய ஆளு இல்ல, ஆனா வாய் இருக்கே வாய், இந்தக் காதுல தொடங்கி அந்தக் காதுல போய் முடியும். அவனுக்கு முழம் தெரியாது, படி தெரியாது, மரக்கால் தெரியாது. எதக் கேட்டாலும் வாய்க் கணக்குதான். "ஏண்டா மொக்கையா, கெணத்துல தண்ணி எம்புட்டு கெடக்கு?"ன்னு கேட்டா, "ஊரே குனிஞ்சு ஆளுக்குப் பத்து வாய் குடிக்கலாம்"பான். "கல்யாண வீட்டுல சோறு எம்புட்டு வடிச்சிருக்கான்?"னு கேட்டா, "எனக்கு நாப்பது வாய், மாப்பிள்ளைக்கு எட்டு வாய், மாமியாருக்கு ஒண்ணும் மிஞ்சாது"ம்பான். ஊரே வயித்தப் புடிச்சுக்கிட்டுச் சிரிக்கும். ஆனா கடைசியில பாத்தா அவன் சொன்னதுதான் சரியா இருக்கும், மாமியா பட்டினியாத்தான் கெடப்பா.

அவன் பொண்டாட்டி பேரு சிலம்பாயி. அவளுக்கு ரொம்ப நாள் கழிச்சு ஒரு பொம்பளப் பிள்ளை பொறந்துச்சு, பல்லுகூட மொளைக்கல. பிள்ளை பொறந்த கையோட அவளுக்குக் காய்ச்சல் வந்து பால் வத்திப்போச்சு. அப்புறம் பிள்ளைக்கு எல்லாமே செவலைதான். செவலைன்னா அவங்க வீட்டுப் பசு. காலையில ஒரு செம்பு, சாயங்காலம் ஒரு செம்பு, அதுதான் அந்தப் பிள்ளைக்கு உசுரு. இத நல்லா நெனப்புல வச்சுக்கோங்க.

அந்த ஊருல ஒரு பழக்கம் உண்டு. காலிப் பாத்திரத்துக்குள்ள யாரும் எட்டிப் பாக்க மாட்டாங்க. அரிசிப் பானை தீந்தாலும் அடியில ஒரு பிடி விட்டு வைப்பாங்க, நெல்லுக் குதிர் காலியானா வாய்க்குத் துணி கட்டிருவாங்க. ஏன்னா, எட்டிப் பாத்தா உள்ள இருந்து மூதேவியும் நம்மள எட்டிப் பாப்பாளாம். சின்னப் பிள்ளையில இருந்தே அப்படிச் சொல்லிச் சொல்லி வளத்துட்டாங்க.

அப்படி இருக்கும்போது அம்மன் கோயில் கொடை வந்துச்சு. ராட்டினம் வந்துச்சு, வளையல்காரி வந்தா, கரகம் ஆடுறவங்க வந்தாங்க, கூடவே ஒரு மாட்டு வண்டியில கோலப்பன்னு ஒரு மிட்டாய்க்காரனும் வந்தான். வண்டி நெறைய மூட்டை, மூட்டை நெறைய கமர்கட்டு. தேங்காப்பூவ வெல்லப்பாகுல போட்டு உருட்டின கமர்கட்டு, வாசம் தெருக்கோடி வரைக்கும் தூக்குது! வண்டியில இருந்து ஒரு ஜாடியவும் எறக்கினான். நம்ம வீட்டு ஊறுகா ஜாடிதான், மேல பழுப்பு கீழ வெள்ளை, ஆனா அதுக்கெல்லாம் பாட்டன். தரையில வச்சா தொடை ஒசரம் நிக்குது. வாய் வரைக்கும் கமர்கட்டு கோபுரம் கட்டி நிக்குது.

கோலப்பன் மணியை அடிச்சான். "வாங்க சாமி வாங்க! இந்த ஜாடியில எத்தன கமர்கட்டு இருக்குன்னு சொல்லுங்க! சரியாச் சொன்னா ஜாடியும் உங்களுக்கு, மிட்டாயும் உங்களுக்கு, தோத்தவங்க குடுக்குறதும் உங்களுக்கு! பத்து கூட இருந்தாலும் சரி, பத்து கொறைய இருந்தாலும் சரி, நான் சண்டைக்கு வரமாட்டேன். தப்பாச் சொன்னா, உங்க தொழுவத்துல இருந்து ஒரே ஒரு உருப்படி எனக்கு!"

அந்த ஊருக்கு ஒரு ராசாவும் இருந்தாரு. ராசான்னா ரொம்பப் பெரிய ராசா இல்ல, மழை பேஞ்சா அரண்மனையில மூணு எடத்துல ஒழுகும். ஆனா பந்தயம்னா அவருக்கு உசுரு. சனத்த விலக்கிக்கிட்டு ஓடி வந்து, "அம்மன் சாட்சியாச் சொல்றேன், இந்தப் பந்தயம் செல்லும்! செயிச்சவன் செயிச்சதுதான், தோத்தவன் தோத்ததுதான்!"னு தொண்டை கிழிய வாக்குக் குடுத்துட்டாரு.

மொதல்ல வந்தவன் களத்துல நெல்லு அளக்குற வேலாண்டி. ஜாடியச் சுத்தி வந்தான், கையால தட்டினான், கண்ண மூடி வாய்க்குள்ள என்னமோ முணுமுணுத்தான். "தொள்ளாயிரம்! தோத்தா என் எருமைக் கெடா உனக்கு!"ன்னான்.

அப்புறம் வந்தவரு ராசா. அவரும் சுத்தி வந்தாரு, அவரும் தட்டினாரு. "ஆயிரத்து நூறு!"ன்னாரு. "தோத்தா என் வெள்ளைக் குதிரை உனக்கு!"

அப்புறம் வந்தவன் யாரு? நம்ம மொக்கையன்தான்! அவன் சுத்தியும் வரல, தட்டியும் பாக்கல. ஜாடிக்கு முன்னால சம்மணம் போட்டு உக்காந்து வாய ஆன்னு தொறந்து வச்சுக்கிட்டு அதையே பாத்தான். பாத்துட்டு, "இது நூறு வாய் ஜாடி. ஒரு வாய்க்கு இந்தக் கன்னத்துல அஞ்சு, அந்தக் கன்னத்துல அஞ்சு, ஆகமொத்தம் பத்து கமர்கட்டு. நூறு வாய்க்கு ஆயிரம்!"னான்.

"எத வச்சுப்பா பந்தயம்?"னான் கோலப்பன்.

மொக்கையன் தொழுவத்துல இருந்தது ஒரே உருப்படிதான. தன் வாய்மேல இருந்த நம்பிக்கையில, சட்டுன்னு சொல்லிட்டான்: "எங்க செவலை!"

ஐயோ, சொல்லிட்டானே! என்னடா மூஞ்சி வாடிப்போச்சு உனக்கு? கேளு, கேளு.

ஊரே ஆளாளுக்கு ஒண்ணு சொல்லுச்சு. அப்புறம் பெரிய பாயா விரிச்சு, கோலப்பன் ஜாடியக் கவுத்தான். கடகட கடகடன்னு கமர்கட்டு கொட்டுது. கொட்டின கையோட ஜாடிய நிமித்தி, அதோட வாயில ஒரு மஞ்சத் துணியப் போட்டு இறுக்கிக் கட்டிட்டான். "காலி ஜாடி சாமி! எட்டிப் பாக்கக்கூடாது!"ன்னான். "ஆமா ஆமா"ன்னு ஊரே மூஞ்சியத் திருப்பிக்கிச்சு. "பாரேன், வெளியூர்க்காரனுக்கு நம்ம வழக்கமெல்லாம் தெரிஞ்சிருக்கு"ன்னு ஒரு அம்மா மெச்சிக்கூடப் பேசுனா.

எண்ண ஆரம்பிச்சாங்க. ஊரே எண்ணுது. ஒளிவு மறைவு ஒண்ணுமில்ல, எல்லார் கண்ணு முன்னாலயும் எண்ணுது. நூறு ஆச்சு, எரநூறு ஆச்சு, நானூறு ஆச்சு, ஐந்நூறுல வந்து பாயி காலி!

ஐந்நூறுதான்! ஒருத்தர் சொன்னதும் கிட்டகூட வரல. வேலாண்டி கெடாவ ஓட்டிக்கிட்டு வந்து கட்டினான். ராசா குதிரைய இழுத்துக்கிட்டு வந்து கட்டினாரு, கட்டிட்டு அதோட கழுத்தக் கட்டிக்கிட்டு அழுதாரு. மொக்கையன் செவலையக் கொண்டு வந்து கட்டினான். செவலை திரும்பித் திரும்பி அவனப் பாத்துக்கிட்டு அம்மான்னு கத்துச்சு. "நாளைக்குக் காலையில வண்டி கெளம்பிரும்"னான் கோலப்பன்.

வீட்டு வாசல்ல சிலம்பாயி நிக்குறா. இடுப்புல பிள்ளை, கையில காலிச் செம்பு.

"மாடு எங்க?"

மொக்கையன் தலையச் சொறிஞ்சான்.

"மாடு எங்கன்னு கேக்குறேன்ல?"

நடந்ததச் சொன்னான். சிலம்பாயி அழல. அழுதிருந்தாக்கூட அவனுக்குப் பரவாயில்லாம இருந்திருக்கும். "அந்த வாய வச்சுக்கிட்டு ஊரச் சிரிக்க வச்சது போதாதுன்னு பிள்ளை வாயில மண்ணப் போட்டுட்டீரு. இப்பக் கஞ்சித் தண்ணி ஊத்துனேன், துப்பிருச்சு. நாளைக்கு எத ஊத்த? உம்ம வாய்க் கணக்கையா?"ன்னா. பிள்ளை வீல்னு கத்துது.

மொக்கையன் சுவத்துல சாஞ்சு உக்காந்தான். அவனுக்கு ஒண்ணு மட்டும் புரியல. இத்தன வருசம் பொய் சொல்லாத வாய் இன்னிக்கு எப்படிப் பொய் சொல்லும்? ஒருவேள வாய் பெருத்துப்போச்சா? இல்ல சுருங்கிப்போச்சா? பாத்துருவோம்னு காலித் தண்ணிக் குடத்தத் தூக்கி முன்னால வச்சான். "இது முப்பது வாய்க் குடம்"னு சொல்லிட்டு, தொட்டித் தண்ணிய வாய் நெறைய அள்ளி அள்ளிக் குடத்துக்குள்ள விட்டான்.

"குடத்துக்குள்ள துப்பாதீரும்! பிள்ளைக்கு நாளைக்குத் தண்ணியாவது குடுக்கணும்!"னு சிலம்பாயி கத்துறா.

"இருடி, இருடி, எண்ணு!"

அவளும் கோவத்தோடயே எண்ணுனா. இருவத்தெட்டு, இருவத்தொம்பது, முப்பது. குடம் தளும்பி நின்னுச்சு! ஒரு சொட்டு கூடல, ஒரு சொட்டு கொறையல.

மொக்கையன் துள்ளி எந்திரிச்சான். "சிலம்பாயி! என் வாய் சரியாத்தான் இருக்கு! அந்த ஜாடிதான் பொய் சொல்லுது!"

விடிஞ்சும் விடியாமயும் புருசனும் பொண்டாட்டியும் பிள்ளையும் கோயில் வாசலுக்கு ஓடுனாங்க. கோலப்பன் வண்டியப் பூட்டிக்கிட்டு இருக்கான். வண்டிக்குப் பின்னால கெடா, குதிரை, செவலைன்னு ஊரு மாடு கன்னு எல்லாம் வரிசையா நிக்குது. ராசாவும் வந்திருக்காரு, குதிரைக்குக் கடைசியா ஒரு பிடி கொள்ளு குடுக்க. ஊரு சனமும் அவங்கவங்க மாட்டைப் பாக்க வந்து நிக்குது. ஜாடி மட்டும் இன்னும் கீழதான் இருக்கு, மஞ்சத் துணி கட்டினபடி.

மொக்கையன் பல்ல இளிச்சுக்கிட்டுப் போனான். "அண்ணே, கோலப்பண்ணே, மாடுதான் போச்சு. ஜாடி அடியில ஒட்டிக்கிட்டு இருக்குற வெல்லத்தூள மட்டும் வழிச்சு நக்கிக்கிறேனே."

"சீ, தீனிப்பண்டாரம்! காலி ஜாடிக்குள்ள எட்டிப் பாக்கக்கூடாது, தெரியாது?"

"பாக்கத்தான கூடாது? நான் பாக்கலண்ணே. இந்தா, கண்ண மூடிக்கிட்டேன்!"

சொன்னானோ இல்லையோ, கண்ண இறுக்கி மூடிக்கிட்டு, துணிக் கட்ட அவுத்து, கைய ஜாடிக்குள்ள விட்டான்! விட்ட கை முழங்கை வரைக்கும் போச்சு, டம்முனு முட்டிக்கிட்டு நின்னுச்சு. மொக்கையன் இன்னொரு கைய ஜாடிக்கு வெளியில தொங்கவிட்டான். அது தோள்பட்டை வரைக்கும் எறங்கித் தரையத் தொட்டுச்சு.

"மகராசா!"ன்னு ஒரு கத்துக் கத்தினான் பாருங்க, குதிரை கனைச்சிருச்சு. "வெளிய தோள்பட்டை, உள்ள முழங்கை! ஜாடிக்குப் பாதியில அடி வச்சிருக்கான் மகராசா!"

ராசா ஓடி வந்தாரு. அவரும் கண்ண மூடிக்கிட்டுத்தான் கைய விட்டாரு. முழங்கை! வேலாண்டி வந்தான், கண்ண மூடினான், விட்டான். முழங்கை! அப்புறம் ஊரே வரிசையில நின்னு ஆளாளுக்குக் கண்ண மூடிக்கிட்டு கைய விட்டு, "ஆமா, முழங்கை! ஆமா, முழங்கை!"ங்குது. கடைசியில வந்த ஆளு கண்ண மூடிக்கிட்டே நடந்து வந்து ஜாடிமேலயே விழுந்துட்டான். ஜாடி ரெண்டாப் பொளந்து, உள்ள பாதிக்கு மண்ணக் கொழச்சு அடைச்சு, மேல மெழுகு பூசியிருக்குறது பட்டப்பகல் மாதிரித் தெரிஞ்சுபோச்சு.

"எங்க மாட்டைக் குடுடா!"ன்னு சனம் பாயுது.

கோலப்பன் அசையல. கைய ரெண்டும் கட்டிக்கிட்டு நின்னான். "நான் என்ன பொய் சொன்னேன்? ஜாடியில எத்தன கமர்கட்டுன்னு கேட்டேன். நீங்க சொன்னீங்க. உங்க கண்ணு முன்னால கொட்டி, நீங்களே எண்ணுனீங்க. எண்ணிக்கையில ஒண்ணு கொறைஞ்சுதா? ஜாடிக்கு அடி எங்க இருக்குன்னு என்னைய யாராவது கேட்டீங்களா? கேக்காதது உங்க தப்பு! மகராசா, அம்மன் சாட்சியா வாக்குக் குடுத்திருக்கீரு. தோத்தவன் தோத்ததுதான்னு நீருதான சொன்னீரு?"

ராசாவுக்கு மூஞ்சி சுண்டிப்போச்சு. அம்மனப் பாக்குறாரு, குதிரையப் பாக்குறாரு. குடுத்த வாக்கு குடுத்ததுதான. கோலப்பன் சாட்டைய எடுத்துட்டான். செவலை கழுத்துக் கயிறு இறுகுது. சிலம்பாயி இடுப்புல பிள்ளை பசியில கத்தக்கூடத் தெம்பில்லாம முனகுது.

மொக்கையனுக்கு அந்த முனகல் நெஞ்சுல போய்க் குத்துச்சு. ஓடிப்போய் வண்டிக்கு முன்னால நின்னான்.

"அண்ணே, நீ சொல்றது நியாயந்தான். எங்க தப்புதான். ஆனா நீ ஒரு ஆட்டம் ஆடுனீல்ல, நான் ஒரு ஆட்டம் ஆடிக்கிறேன். அதே பந்தயம், அதே பத்து முன்ன பின்ன. நீ ஜாடியில எத்தனன்னு கேட்ட. நான் என் வாயில எத்தனன்னு கேக்குறேன். சரியாச் சொன்னா, காலம் பூராவும் உன் வண்டிய நான் மாட்டுக்குப் பதிலா இழுக்குறேன். தப்பாச் சொன்னா, கட்டினத எல்லாம் அவுத்துவிட்டுட்டு வண்டிய விட்டுட்டுப் போயிரணும். மிட்டாய் உன்னோடது, நெறையுற வரைக்கும் நீதான் போடணும்."

சிலம்பாயி ஓடி வந்து அவன் சட்டையப் புடிச்சா. "ஒரு பந்தயத்துல மாடு போச்சு, இன்னொரு பந்தயத்துல புருசனுமா? யோவ், உமக்குப் புத்தி இருக்கா?"

மொக்கையன் அவ காதுல என்னமோ சொன்னான். சிலம்பாயிக்கு உதடு துடிச்சுச்சு. முந்தானைய எடுத்து வாயப் பொத்திக்கிட்டா. அழுறான்னு நெனச்சு ஊரே உச்சுக்கொட்டுச்சு. அவ எங்க அழுதா? சிரிப்ப அடக்கிக்கிட்டு இருந்தா!

கோலப்பனுக்கோ குஷி தாங்கல. வண்டியிழுக்க சம்பளமில்லாத ஆளு ஒண்ணு! "இதுல யோசிக்க என்ன இருக்கு? நேத்து நீயே உளறிட்டியே, இந்தக் கன்னத்துல அஞ்சு, அந்தக் கன்னத்துல அஞ்சு. பத்து! மகராசா, நான் சொன்னது பத்து! அம்மன் சாட்சி!"

"அம்மன் சாட்சி!"ன்னாரு ராசா.

மொக்கையன் சம்மணம் போட்டு உக்காந்தான். வாயத் தொறந்தான். ஆ!

கோலப்பன் ஒண்ணு ஒண்ணாப் போட்டான். ஒண்ணு, ரெண்டு, மூணு. கன்னம் உப்புது. எட்டு, ஒம்பது, பத்து! வாய் நெறைஞ்சு கன்னம் ரெண்டும் பூசணிக்கா மாதிரி நிக்குது. கோலப்பன் கையத் தட்டிக்கிட்டு, "ஆச்சு, பத்து!"ன்னான்.

மொக்கையன் வெரல ஆட்டினான், இன்னும் இல்லைன்னு. ஆட்டிட்டு, கடக்! மொடக்! கடக் மொடக்! நாலு கடி, ஒரு முழுங்கு. வாயத் தொறந்தான். உள்ள ஒண்ணுமில்ல, வெறும் நாக்கு!

"ஆ!"ன்னான்.

"டேய், முழுங்குறான்! முழுங்குறான் மகராசா! இது ஏமாத்து!"

அப்பத்தான் ராசாவுக்கு வெளங்குச்சு. ஒரு சிரிப்புச் சிரிச்சாரு, தலப்பாகை கழண்டு விழுந்துருச்சு. "என்ன ஏமாத்து? வாயில எத்தனன்னுதான கேட்டான்? அந்த வாய்க்கு அடி எங்க இருக்குன்னு நீ கேட்டியா? கேக்காதது உன் தப்பு! நெறையுற வரைக்கும் போடணும்னு ஒத்துக்கிட்டீல்ல? போடு!"

"போடு! போடு! போடு!"ன்னு ஊரே கத்துது.

கோலப்பன் போட்டான். இருவது ஆச்சு, கடக் மொடக்! இருவத்தொண்ணு விழுந்ததும், பத்து முன்ன பின்னங்குற கணக்கும் தாண்டிருச்சுன்னு சனம் விசிலடிச்சுச்சு, பந்தயம் அதோட முடிஞ்சுபோச்சு. வேலாண்டி ஓடிப்போய்க் கெடாவ அவுத்தான். ராசா விழுந்த தலப்பாகையக்கூட மறந்துட்டு ஓடிக் குதிரைய அவுத்தாரு. சிலம்பாயி செவலையக் கட்டிப்புடிச்சு, கோயில் வாசல்லயே உக்காந்து பால் பீச்சி, செம்போட பிள்ளைக்கு ஊட்டுனா. சர்ரு சர்ருன்னு பிள்ளை குடிக்குற சத்தம் மொக்கையன் காதுல விழுந்துச்சு. அதுக்கப்புறம் அவனுக்கு வந்த பசி இருக்கே!

"சாமி, நான் தோத்துட்டேன், தோத்துட்டேன், விட்டுருங்க!"ன்னு கோலப்பன் கும்புடுறான். "நெறையலியே, போடு!"ங்குறாரு ராசா. மொத மூட்டை காலி. ரெண்டாவது மூட்டை காலி. மூணாவது மூட்டைக்குள்ள கோலப்பன் தலைய விட்டுத் தேடி, அடியில கெடந்த கடைசிக் கமர்கட்ட எடுத்துப் போட்டுட்டு, சாட்டையக்கூட எடுக்காம தெரு வழியா ஓடுனான். நாய் ரெண்டு தொரத்திக்கிட்டுப் போச்சு. அவன் அடுத்தவன் பிள்ளை பாலைப் பறிச்சதுக்கு அது போதும்.

"ஏண்டா மொக்கையா, வயிறு எப்படிடா இருக்கு? நெறைஞ்சுச்சா?"ன்னாரு ராசா.

மொக்கையன் செவலை கயித்த எடுத்து இடுப்புல சுத்திக்கிட்டான், பிள்ளையத் தூக்கித் தோள்மேல உக்கார வச்சுக்கிட்டான், கோலப்பன் ஓடுன பக்கமாத் திரும்பி வாய அகலமாத் தொறந்து, "ஆ!"ன்னான்.